அருங்காட்சியகத்தில் உள்ளகப் பயிற்சி: நெல்லைச் சீமை முதுகலை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகலையில் வரலாறோ தொல்லியலோ நாட்டார் வழக்காற்றியலோ எடுத்துப் படிப்பவர்களுக்கு, இரண்டாம் பருவத் தேர்வு நெருங்கும்போதுதான் அந்தச் சுற்றறிக்கை கண்ணில் படும். விடுமுறையில் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் உள்ளகப் பயிற்சி முடித்து, மூன்றாம் பருவத்தில் அறிக்கையும் சான்றிதழும் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். உடனே ஒரு கூட்டம், தெரிந்தவர் யாரிடமாவது சான்றிதழ் மட்டும் வாங்க வழியுண்டா என்று விசாரிக்கக் கிளம்பும். இன்னொரு கூட்டம் அருங்காட்சியகத்தின் பக்கம் வரும். இந்தக் கட்டுரை இரண்டாவது கூட்டத்துக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்துவிடலாம் என்று போகிறவர்கள் பெரும்பாலும் செல்பேசி நிறையப் படங்களோடு திரும்புகிறார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு சிறிய வேலையைக் கேட்டு வாங்கி, அதை முழுதாக முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு மற்றவை தாமாகவே கைவருகின்றன. கீழே வருவதெல்லாம் அந்த ஒரு வேலையைக் கண்டுபிடித்து முடிப்பதற்கான ஏற்பாடுகள்தான்.

பாடத்திட்டத்தை எடுத்துப் படியுங்கள்

நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம். உங்கள் துறையின் பாடத்திட்டத்தில் உள்ளகப் பயிற்சிக்கு எத்தனை கிரெடிட், எத்தனை நாள் அல்லது மணி நேரம், அகமதிப்பீடு எவ்வளவு, வாய்மொழித் தேர்வு உண்டா என்று பாருங்கள். பல முதுகலைப் பாடத்திட்டங்களில் இது 2 கிரெடிட். இளங்கலை மாணவர்களின் உள்ளகப் பயிற்சிக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறைகள் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று கணக்கிடுகின்றன. உங்கள் பல்கலைக்கழகம் அதே கணக்கை வைத்திருக்கிறதா, வேறு வைத்திருக்கிறதா என்பதைத் துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள். அந்த எண்ணிக்கை பின்னால் சான்றிதழில் எழுத்தாக வர வேண்டியிருக்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். திருநெல்வேலிச் சீமையில் பழம்பொருள்கள் இருக்கும் இடங்கள் பல. எல்லாவற்றுக்கும் ஒரே அலுவலகம் பொறுப்பு என்று நினைத்துக் கடிதம் எழுதினால், அது ஊர் சுற்றிவிட்டு உங்களிடமே திரும்பி வரும்.

பாளையங்கோட்டையில் இருக்கும் அரசு அருங்காட்சியகம், மாநில அரசின் அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. பொறுப்பு அலுவலர் காப்பாட்சியர். துறையின் தலைமையகம் சென்னை எழும்பூரில், 1851இல் தொடங்கப்பட்ட பழைய அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. ரெட்டியார்பட்டியில் அமைந்திருக்கும் பொருநை அருங்காட்சியகம் மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் வருகிறது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுப் பொருள்களுக்காக எழுப்பப்பட்டது அது. இரண்டும் மாநில அரசுதான், ஆனால் துறை வேறு, கோப்பு வேறு.

ஆதிச்சநல்லூர்ப் பறம்போ மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே 2021இல் தொடங்கிய அகழாய்வை நடத்தியது அந்தத் துறையின் திருச்சி வட்டம். இறந்தோரைப் புதைத்த தாழிகளை எடுத்த குழியிலேயே வைத்து, மேலே கண்ணாடி போட்டுக் காட்டும் தள அருங்காட்சியகமும் அவர்களுடையதே. பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் போன்ற ஊர்களில் உள்ள நினைவிடங்களும் மணிமண்டபங்களும் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் பராமரிப்பில் இருப்பவை. கோயில்களில் உள்ள செப்புத் திருமேனிகளும் பழம்பொருள்களும் இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பு.

போதாக்குறைக்கு மாவட்ட எல்லைகள் வேறு. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகிவிட்டன. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் கொற்கையும் இன்று தூத்துக்குடி மாவட்டம். புலித்தேவனின் நெற்கட்டும்செவல் தென்காசி மாவட்டம். நம்பியாற்றங்கரைத் துலுக்கர்பட்டி மட்டும் திருநெல்வேலியில் நிற்கிறது. பேச்சில் எல்லாம் நெல்லைச் சீமைதான், உறை மேல் முகவரி எழுதும்போது மட்டும் இதை நினைவில் வையுங்கள்.

எதைத் தேர்வது? என் கருத்து இது. நாட்டார் வழக்காறு, சமூக வரலாறு, கல்வி சார்ந்த வேலையில் நாட்டம் உள்ளவர்களுக்குப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் நல்லது. சிறிய இடம், காப்பாட்சியரை நேரில் பார்த்துப் பேசலாம், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், ஓவியப் போட்டி, பயிலரங்கு என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். மட்கலம், காலக்கணிப்பு, அகழாய்வு என்று போக விரும்புகிறவர்கள் தொல்லியல் துறையை அணுகலாம். புதிய பெரிய கட்டடத்தில் கற்பது அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆள் குறைவாக உள்ள சிறிய இடத்தில்தான் ஒரு மாணவரின் கைக்கு வேலை வந்து சேரும்.

கடிதம்

விடுமுறை தொடங்கியபின் கடிதம் கொடுப்பது பயனில்லாத வேலை. குறைந்தது ஒன்றரை இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். அனுமதியைக் காப்பாட்சியரே தந்துவிட முடியுமா, தலைமையகத்துக்கு எழுத வேண்டுமா என்பதை நேரில் போய்க் கேட்டுக்கொள்வது நல்லது.

போவதற்கு முன் விடுமுறை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்கள் துறைக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. கல்லூரி நாட்காட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு வெள்ளியன்று புறப்பட்டுப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் டீ குடித்துத் திரும்புகிறவர்கள் உண்டு. மாறாக, ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள், அதுவும் கூட்டமான நாள். பயிற்சிக் காலத்தில் ஞாயிறு வீட்டுக்குப் போகும் திட்டத்தை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

மாநில அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று அலுவலகக் கடிதத்துக்கு உரிய அமைப்பில் இருக்கட்டும். துறைத் தலைவர் அல்லது முதல்வர் வழியாகவே போக வேண்டும், தனியாக நீங்கள் எழுதும் கடிதத்தின் மேல் யாரும் நடவடிக்கை எடுக்க முடியாது. கடிதத்தில் நான்கு செய்திகள் தெளிவாக இருந்தால் போதும்: யார் நீங்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை மணி நேரம், என்ன வேலை செய்ய விரும்புகிறீர்கள். உதவித்தொகை எதிர்பார்க்கவில்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் படிப்பவருக்கு ஒரு தயக்கம் குறையும். இணைப்பாகக் கல்லூரி அடையாள அட்டை நகல், பயில்வோர் சான்று, பாடத்திட்டத்தில் பயிற்சி பற்றிய பக்கம்.

நான்காவது செய்திதான் முக்கியம். "அருங்காட்சியகச் செயல்பாடுகளை அறிந்துகொள்ள" என்று எழுதாத மாணவர் அரிது. அதைப் படிக்கும் அலுவலருக்கு உங்களை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாது. முன்கூட்டியே ஒரு நாள் டிக்கெட் வாங்கிப் பார்வையாளராகப் போய்ச் சுற்றிவிட்டு வந்து எழுதுங்கள். முற்றத்தில் வைத்திருக்கும் கற்சிற்பங்களுக்கு விளக்கக் குறிப்பு தயாரிக்கிறேன், வீட்டுப் புழங்குபொருள்களைப் படமெடுத்துப் பட்டியலிடுகிறேன், கோடை முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு செயல்பாட்டுத் தாள் எழுதித் தருகிறேன் என்பதுபோல் ஏதாவது ஒன்று. அவர்கள் அதையே தராமல் வேறு வேலை தரலாம். பரவாயில்லை, கேட்பதற்கு உங்களிடம் ஒன்று இருந்தது என்பதே உங்களை வேறு இடத்தில் வைத்துவிடும்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். தபாலில் பதிவாகி ந.க. எண், அதாவது அலுவலகம் கடிதத்துக்குத் தரும் கோப்பு எண், விழுந்துவிட்டதா என்று ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். அந்த எண் கையில் இருந்தால் தொலைபேசியில் விசாரிக்கலாம். இல்லாவிட்டால் "எந்தக் கடிதம்?" என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் சில நாள்கள்

முதல் நாளே, காட்சியில் இல்லாத பொருள்களை வைத்திருக்கும் இருப்பறையைத் திறந்து காட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். உங்களை வரவேற்பு மேசையில் உட்கார வைக்கலாம், பார்வையாளர் எண்ணிக்கையை எழுதச் சொல்லலாம். முகம் சுளிக்காமல் செய்யுங்கள். யார் வருகிறார்கள், எந்தப் பெட்டி முன் நிற்கிறார்கள், எதை எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

காப்பாட்சியரை சார் என்றோ மேடம் என்றோ அழைப்பீர்கள், அதில் சிக்கல் இல்லை. காவலரையும் உதவியாளரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிடுங்கள். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி, எந்தச் சிற்பம் எந்த ஊர்க் குளத்தங்கரையிலிருந்து எந்த வண்டியில் வந்தது, மழைக்காலத்தில் எந்த மூலை ஒழுகும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சில செய்திகள் எந்தக் கோப்பிலும் இருக்காது. அவர்கள் ஓய்வு பெறும்போது அவர்களோடு போய்விடும். கேட்டு எழுதி, எழுதியதைக் காப்பாட்சியரிடம் காட்டுங்கள்.

ஒரு தடித்த நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாள், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கேட்ட செய்தி என்று அன்றன்றே எழுதி, வாரம் ஒரு முறை கையொப்பம் வாங்கிவிடுங்கள். மொத்தமாகக் கடைசியில் எழுதினால் எல்லா நாளும் ஒரே நாளாகத் தெரியும். தேர்வாளருக்கும் அது தெரியும்.

பதிவேடு

அருங்காட்சியகத்துக்குள் ஒரு பொருள் வந்ததும் அதற்கு ஓர் எண் தருவார்கள். வந்த வரிசையும் ஆண்டும் சேர்ந்த எண்ணாக அது பெரும்பாலும் இருக்கும். அந்த எண்ணுக்கு நேரே பதிவேட்டில் பொருளின் பெயர், என்ன உலோகம் அல்லது மரம் அல்லது மண், அளவு, எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், எப்படி வந்தது, வந்தபோது என்ன நிலையில் இருந்தது என்று வரிசையாக இருக்கும். ஏர் உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்த பொருள் என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் வழியாக வந்திருக்கும். அதற்கு ஒரு கோப்பு உண்டு, அதில் ஊரும் கிடைத்த இடத்தின் விவரமும் இருக்கும். அந்த ஒற்றை வரி அழிந்துபோனால், எவ்வளவு அழகான சிலையாக இருந்தாலும் ஆய்வாளருக்கு அதன் பயன் பாதி போய்விடும்.

இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1876இல் முதலில் தோண்டியவர் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர். எடுத்தவற்றை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். பின்னர் அலெக்சாண்டர் ரே 1899 முதல் 1905 வரை அங்கே அகழ்ந்து எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. அவற்றின் பட்டியல் 1915இல் நூலாக அச்சாயிற்று. தங்க நெற்றிப்பட்டங்கள், எருமையும் நாயும் கோழியும் அமர்ந்திருக்கும் வெண்கல மூடிகள், இரும்பு வாள்கள், ஈட்டிகள் என்று ஒவ்வொன்றும் அச்சில் பதிவானதால்தான் நூறாண்டு கழித்தும் ஒரு மாணவர் அவற்றைத் தேடிப்போய் ஒப்பிட முடிகிறது. தோண்டியவரின் மண்வெட்டியை நாம் வியக்கிறோம், பட்டியல் எழுதிய பேனாவை யாரும் நினைப்பதில்லை.

ஆகவே பதிவு எழுதும் வேலை கிடைத்தால் விடாதீர்கள். எப்படி எழுதுவது என்று ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். பித்தளை உழக்கு ஒன்று உங்கள் மேசைக்கு வருகிறது. புதிதாக வருகிறவர் "பழங்காலப் பித்தளை உழக்கு, நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். நீங்கள் அவசரப்படாமல் ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். உயரம், விளிம்பின் விட்டம், அடியின் விட்டம், தகட்டின் கனம் ஆகியவற்றைக் கேலிபரால் செ.மீ. கணக்கில் எடுங்கள். எடை கிராமில். வார்ப்பா, தகட்டை அடித்து வளைத்ததா? அடியில் பற்றுவைத்த தழும்பு இருந்தால் யாரோ ஓட்டை விழுந்தபின்னும் எறிய மனமில்லாமல் அடைத்து வாங்கியிருக்கிறார்கள். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கலாம், தலை தட்டி அளந்து அளந்து வந்த தேய்மானம் அது. படியளவு ஊருக்கு ஊர் மாறி வழங்கியது என்பதால் கொள்ளளவும் உதவும். அதற்காக அரிசியைக் கொட்டி அளக்கப் புறப்பட வேண்டாம், உள்விட்டமும் ஆழமும் இருந்தால் கணக்கிட்டுவிடலாம்.

கடைசியாக, சாய்ந்த வெளிச்சத்தில் பக்கவாட்டைப் பாருங்கள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் இன்றும் இருக்கிறது. புள்ளி புள்ளியாகக் கொத்திய இரண்டு எழுத்து, ஒரு குடும்பத்தின் இனிஷியல், ஒரு தேதி, கோயிலுக்குக் கொடுத்த உபயம் என்று ஏதாவது தென்படலாம். தெரிந்தபடியே, தெரிந்த எழுத்தை மட்டும் எழுதுங்கள். மங்கிய எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். ஊகித்து நிரப்பினால் அடுத்து வருகிறவர் உங்கள் ஊகத்தையே சான்றாக எடுத்துக்கொள்வார்.

"நல்ல நிலை" என்று மட்டும் எழுதுவதை விட்டுவிடுங்கள். விரிசல், சில்லுப் பெயர்ச்சி, நெளிவு, களிம்பு, துரு, உப்புப் பூத்தது, செல்லரித்தது என்று நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்றும் சேர்த்தால் ஐந்தாண்டு கழித்து அந்த விரிசல் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க முடியும்.

பொருளின் மேல் எண் எழுதும் வேலையை நீங்களாகத் தொடாதீர்கள். எழுதச் சொன்னால், கண்ணில் படாத இடத்தில், முதலில் பாராலாய்டு பி-72 போன்ற கரைத்து நீக்கக்கூடிய பூச்சு ஒரு படலம், அது காய்ந்தபின் மேலே மை, மையின் மேல் மறுபடி ஒரு படலம். மார்க்கர் பேனாவை நேரடியாக வைக்கவே கூடாது. பின்னொரு நாள் எண்ணை அழிக்க வேண்டி வந்தால் பொருளுக்கு ஒரு கீறலும் இல்லாமல் அழிக்க முடிய வேண்டும் என்பதே கணக்கு.

தொடுவதற்கு முன்

வீட்டுப் பழக்கங்களை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பது வீட்டுக்கு அழகு. அருங்காட்சியக வெண்கலத்தில் அதைச் செய்தால் மேலே படிந்த பழைய படலம் போய், அதற்கடியில் இருக்கும் நுண்ணிய வேலைப்பாடும் தேய்ந்துபோகும். களிம்பு ஏறியிருந்தால் இருக்கட்டும். வெளிர்பச்சைப் புள்ளிகள் தோன்றி, மாவு போல் உதிரத் தொடங்கினால் மட்டும் உடனே சொல்லுங்கள். குளோரைடு உப்பால் வரும் அரிப்பு அது, ஈரக்காற்று பட்டால் தொடர்ந்துகொண்டே போகும். அதைத் துடைக்க முயல வேண்டாம், வேதியியல் தெரிந்தவர் பார்க்க வேண்டியது.

உலோகத்துக்குக் கையுறை கட்டாயம், கை வியர்வையின் உப்பே பகை. மட்கலத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் பருத்திக் கையுறை வேண்டாம். மட்கலம் வழுக்கும், சுவடியின் விளிம்பு நூலில் மாட்டி ஒடியும். கழுவித் துடைத்த வெறுங்கை நல்லது. எந்தப் பாத்திரத்தையும் கைப்பிடியிலோ விளிம்பிலோ பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். தூக்குமுன் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாம் இருப்பறையில் ஆபத்து.

சுவடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்து விறைத்த ஓலையைப் புத்தகம் போல் விரிக்கக் கூடாது, கயிற்றைத் தளர்த்தி ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் ஓலை நெகிழும் என்று படித்திருப்பீர்கள், உண்மைதான். எந்த ஓலைக்கு, எப்போது, எவ்வளவு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் அல்லர்.

பத்தமடைப் பாய், பழைய துணி, தாள் போன்றவை வெளிச்சத்துக்கு அஞ்சுபவை. இவற்றுக்கு 50 லக்ஸ் அளவு ஒளி போதும் என்பது அருங்காட்சியக வழக்கம். நம் ஊர் மே மாத வெயில் ஒரு ஜன்னல் வழியாக நேரே விழும் இடத்தில் ஒரு பாய் தொங்கினால், அதைக் குறித்துச் சொல்வதே நல்ல பயிற்சி அறிக்கைக்குரிய செய்தி.

செல்பேசிப் படங்கள் பற்றி: வேலைக்காக எடுத்த படம் வேலைக்கு மட்டும். இருப்பறை, பூட்டு, கேமரா இருக்கும் இடம், இன்னும் காட்சிக்கு வராத பொருள் எதையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். சிலைத் திருட்டு நம் மாநிலத்துக்குப் புதிது அல்லவே.

பார்வையாளர் முன் நிற்பது

கொஞ்ச நாள் கழித்து "நீங்களே சுற்றிக் காட்டுங்கள்" என்று ஒரு பள்ளிக் கூட்டத்தை உங்களிடம் விட்டுவிடுவார்கள். அங்கேதான் படித்த படிப்புக்குச் சோதனை.

முதுமக்கள் தாழியின் முன் நின்றதும் யாராவது ஒரு தாத்தா, அல்லது பிள்ளைகளோடு வந்த ஆசிரியரே, சொல்லத் தொடங்குவார். அந்தக் காலத்தில் மனிதருக்குச் சாவே வராது, வயதாக வயதாகக் குறுகிக் குழந்தை போல் ஆகிவிடுவார்கள், விளக்கு மாடத்தில் வைத்துப் பார்த்தும் முடியாமல்போய், தாழிக்குள் உயிரோடு உட்கார வைத்துப் பக்கத்தில் சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்கள் என்று. ஆற்றங்கரை ஊர்களில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. உங்களுக்கு உடனே "அதெல்லாம் தவறு" என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொன்னால் தாத்தா வாயை மூடிக்கொள்வார், பிள்ளைகள் தாத்தா பக்கம் நிற்பார்கள்.

மாறாக, கதையை முழுதாகச் சொல்ல விடுங்கள். பிறகு தாழிக்குள் கிடைத்தவற்றைக் காட்டுங்கள். ஆதிச்சநல்லூரில் முழு உடலை வைத்துப் புதைத்த தாழியும் உண்டு, எலும்புகளைப் பின்னர் திரட்டி வைத்துப் புதைத்த தாழியும் உண்டு. எலும்பைத் திரட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் இறந்து காலம் கடந்தபின்தானே வைத்திருக்க முடியும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்து வரும். உணவும் பாத்திரமும் ஏன் வைத்தார்கள் என்று பேச்சு அடுத்ததற்குப் போகும். நாட்டார் வழக்காற்றியல் மாணவராக இருந்தால் தாத்தா சொன்ன கதையை, ஊர்ப் பெயரோடு, அவர் சம்மதம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விளக்கு மாடம் ஓர் ஊரில் உறி ஆகும், சோறு இன்னோர் ஊரில் தினைமாவு ஆகும். பயிற்சிக் காலத்தில் இப்படி வேறுவேறு வடிவங்களைத் திரட்டினாலே ஆய்வேட்டுக்கு விதை கிடைத்துவிடும்.

அடுத்த கேள்வி எப்போதும் "இது எத்தனை வருடம் பழையது?" என்பதுதான். இங்கே வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். சிவகளையில் ஒரு தாழியிலிருந்து எடுத்த மண்ணோடு கலந்த நெல்லுமி கி.மு. 1155 என்று காலக்கணிப்பு பெற்றது, 2021இல் அது சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் சிவகளை மாதிரிகள் சில கி.மு. 3345 வரை போகின்றன. இவையெல்லாம் அந்தந்த மாதிரிக்குக் கிடைத்த காலம். பெட்டியில் இருக்கும் இந்தப் பானை ஓட்டுக்கும் அதே வயது என்று சொல்ல அந்த ஓடு கிடைத்த குழியும் மண்ணடுக்கும் தெரிய வேண்டும். "இதே ஊரில் கிடைத்த நெல்லுமிக்கு இந்தக் காலம்" என்று சொன்னால் பெருமைக்கும் குறைவில்லை, பொய்யும் இல்லை.

விளக்கக் குறிப்பு எழுதும் வேலை கிடைத்தால், ஐம்பது அறுபது சொல்லுக்குள் முடியுங்கள். "இஃது இரும்புக் காலத்தைச் சார்ந்த கறுப்பு சிவப்பு நிற மட்கலமாகும்" என்று தொடங்கும் குறிப்பை எட்டாம் வகுப்புப் பிள்ளை முதல் வரியோடு விட்டுவிடும். "உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்பக்கம் கறுத்தது" என்று எழுதினால் அது குனிந்து உள்ளே எட்டிப் பார்க்கும். எழுதியதைக் காவலர் அண்ணாச்சியிடம் படித்துக் காட்டுங்கள். அவர் இரண்டாம் முறை கேட்டால் மாற்றி எழுதுங்கள்.

முடிக்கும் வாரம்

எடுத்த வேலையின் அளவை நடுவில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நூறு பொருளுக்குப் பதிவு எழுதுவதாகச் சொல்லி நாற்பதில் நின்றால், மீதியை யார் எப்படித் தொடர்வது என்று எவருக்கும் தெரியாது. இருபது என்று குறைத்துக்கொண்டு இருபதையும் படம், அளவு, விளக்கம் என்று முழுதாக முடிப்பது மேல். முடித்த பட்டியலை ஒரு அச்சுப் பிரதியாகவும் கணினிக் கோப்பாகவும் கொடுங்கள். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தாலும் யூனிகோடாக இருக்கட்டும்.

கல்லூரிக்கான அறிக்கையில் அருங்காட்சியகத்தின் வரலாற்றை இணையத்திலிருந்து பத்துப் பக்கம் எடுத்து ஒட்டாதீர்கள். நிறுவனம் பற்றி இரண்டு பக்கம், நீங்கள் செய்த வேலை பற்றி மீதி எல்லாம். எந்தப் பொருளைப் பதிவு செய்தபோது என்ன ஐயம் வந்தது, யாரிடம் கேட்டீர்கள், எது தீராமல் நின்றது என்று எழுதுங்கள். நோட்டு ஒழுங்காக இருந்தால் அறிக்கை தானே எழுந்துவிடும். படங்களைச் சேர்ப்பதற்கு முன் அனுமதி வாங்குங்கள், எண் தெரியும்படி உள்ள படங்களைப் போடலாமா என்றும் கேளுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் புரட்டி, ஒரு பொருளின் படத்தில் விரலை வைத்து "இது எப்படி அருங்காட்சியகத்துக்கு வந்தது?" என்று கேட்பார். அதற்கு நேரான பதில் இருந்தால் மற்ற கேள்விகள் எளிதாகிவிடும்.

சான்றிதழைக் கடைசி நாள் மாலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். அலுவலர் முகாம் போயிருப்பார், அல்லது முத்திரை வைத்திருக்கும் அலமாரியின் சாவி விடுப்பில் இருப்பவரிடம் இருக்கும். ஒரு வாரம் முன்பே வரைவைத் தட்டச்சு செய்து கொடுத்துவிடுங்கள். அதில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணி நேரம், செய்த வேலை, கடிதத்தின் ந.க. எண், பெயருக்குப் பக்கத்தில் பதிவெண் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயரின் இனிஷியல் பல்கலைக்கழகப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். முன்னால் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் தேர்வுப் பிரிவில் திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் அதைத் திருத்தி வாங்குவதற்கு மறுபடியும் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டும், வெள்ளிக்கிழமை பார்த்து ஏறிவிடாதீர்கள்.